கறுப்புப் பட்டைக்கு அடியில் ஒரு பெயர்

விண்ணப்பத் தாளில் 'காரணம்' என்று அச்சடித்திருந்த கட்டத்துக்கு வந்ததும் அவருடைய பேனா நின்றுவிட்டது. பெயர் எழுதியாயிற்று. முகவரி எழுதியாயிற்று. தொழில் என்ற இடத்தில் லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதியாயிற்று. மாணவருடன் உறவு என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதி, அது பேச்சுவழக்காக இருக்கிறதே என்று அடித்துவிட்டுத் 'தந்தை' என்று திருத்தமாக எழுதினார். காரணத்துக்கு என்ன எழுதுவது?

"எதையாவது எழுதுங்க சார். காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள் பள்ளி அலுவலகத்தில் முன்மேசையில் இருந்த பெண்.

அவர் 'பார்க்க' என்று ஒரே சொல்லாக எழுதி நீட்டினார்.

அவர் கேட்டது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பள்ளி நிர்வாகக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அங்கே என்ன பேசி முடிவெடுத்தார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பாக எழுதி வைப்பார்கள். பெற்றோர் அதை அலுவலக நேரத்தில் பார்வையிடலாம் என்று வாசலிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் அறிவிப்பு தொங்கியது. எத்தனையோ நாள் அதன் கீழே நின்று மகளுக்காகக் காத்திருந்தவர்தான். அப்போதெல்லாம் அந்த அறிவிப்பு அவர் கண்ணில் பட்டதோடு சரி, மனசில் ஏறியதில்லை.

மகளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருந்தது. அதை வைப்பதற்கு வீட்டில் இரண்டு மாதம் சண்டை நடந்தது. நடக்க ஆரம்பித்த வாரத்திலேயே அந்தப் பெயர் போய் 'வாலு' வந்து ஒட்டிக்கொண்டது. அவ்வளவு சேட்டை. பன்னிரண்டு வயதில், ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில், வகுப்பு ஆசிரியையே ஒருநாள் வாய் தவறி 'வாலு, புத்தகத்தை எடு' என்று சொல்லிவிட்டதாக வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நடுமாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பது அவர் வேலையில் பாதி. "பயப்படாதீங்க, லிஃப்ட் எங்கயும் போகாது" என்பார். "அதானேப்பா அவங்க பிரச்சனையே!" என்று அவரை வீட்டில் ஓட்டுவாள் வாலு.

காய்ச்சல் என்று திங்கட்கிழமை படுத்தாள். மூளைக்கு ஏறிவிட்டது என்று புதன்கிழமை சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாத சாவு. டாக்டர்கள் ஓடியாடிப் பார்த்தார்கள். பள்ளியிலிருந்து வகுப்பே திரண்டு வந்தது. குறை சொல்ல ஒருவராவது கிடைத்திருந்தால் மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்குமோ என்னவோ.

பத்தாம் நாள் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"வர்ற வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுதும்மா. முதல்ல எல்லாரும் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்தி, இரங்கல் தீர்மானம் போடப் போறோம். எங்க புத்தகத்துல அவ பேரு நிரந்தரமா இருக்கும். அம்பது வருஷம் கழிச்சு யாராச்சும் புரட்டிப் பார்த்தாலும் இருக்கும்."

மனைவி அப்போது தலையைக்கூட ஆட்டவில்லை. ஆனால் அத்தனை பேர் அத்தனை ஆறுதல் சொன்னதில் அவளுக்குள் போய்ச் சேர்ந்தது அந்த ஒன்றுதான் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வருகிறவர்களை உட்கார வைத்துச் சின்னதும் பெரிதுமான எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் வேலை. நீண்ட விடுப்பில் வீட்டோடு இருந்தாள். இரண்டு மாதம் ஆனபிறகு ஒருநாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, அந்தத் தாளு எனக்கு வேணும்."

"எந்தத் தாளு?"

"அவ பேரு எழுதி வெச்சிருக்காங்கல்ல பள்ளிக்கூடத்துல, அந்தத் தாளு. ஒரு காப்பி குடுத்தாப் போதும்."

இரண்டு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். அதற்காக நிலவையே இறக்கித் தரச் சொல்லியிருந்தாலும் ஏணி தேடியிருப்பார்.

பள்ளி அலுவலகத்துக்கு அந்த ஏணியைத் தேடுவதே சுலபமாக இருந்திருக்கும் போல. 'பார்க்க' என்று எழுதிய தாள் உள்ளே போன மறுநாளே அலுவலக மேலாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மெல்லிய மனிதர், பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தே பேசினார்.

"உங்க துக்கம் எங்க எல்லாருக்கும் துக்கம் சார். ஆனா கூட்டக் குறிப்பு எதுக்குன்னு கொஞ்சம் விளங்கல. யாராச்சும் வக்கீலு கேட்கச் சொன்னாங்களா?"

"வக்கீலா? எதுக்கு?"

"இல்ல, பள்ளிக்கூடத்துல ஏதாவது கவனக்குறைவுன்னு..."

அவருக்கு விஷயம் புரியவே சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் காது மடல் சுட்டது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். என் வீட்டுக்காரி கேட்டா. அவ்ளோதான்" என்றார். மேலாளர் பொத்தானைப் பார்த்துத் தலையசைத்தார். நம்பியதாகத் தெரியவில்லை. குறிப்புக்கு இன்னும் தலைவர் ஒப்புதல் தரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அடுத்த வாரம் போனபோது, ஒப்புதல் வந்துவிட்டது, ஆனால் குழுவின் எழுத்தர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார் என்றார்கள். செவ்வாய்க்கிழமை அவர் பதினாலாம் மாடியில் கம்பிவடம் மாற்றிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் முன்மேசைப் பெண் ஓர் உறையை நீட்டினாள். அவரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்; எழுந்து நின்று கொடுத்தாள்.

உறையைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டு போனார். முதலில் பார்க்க வேண்டியவள் அவள்தானே.

இரண்டு பக்கம். வந்திருந்தவர்கள், வராதவர்கள். கூரை ஒழுகல் பற்றி முக்கால் பக்கம். வாசலில் வண்டி நிறுத்துவது பற்றி ஒரு பத்தி. நடுநடுவே நாலு இடத்தில் தடித்த பேனாவால் கறுப்புப் பட்டை பூசி எழுத்தை மறைத்திருந்தார்கள். 'தனிநபர் விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன' என்று ஓரத்தில் ஒரு முத்திரை. கடைசியில், 'நேரமின்மையால் பிற விஷயங்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன' என்ற வரி. அதன் கீழே கையெழுத்து.

அவர் கண் மேலிருந்து கீழே இரண்டு தடவை ஓடியது. மகளின் பெயர் எங்கும் இல்லை. மனைவி முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டே நிமிர்ந்தார்.

அவள் முகம் மலர்ந்திருந்தது.

"இதோ பாருங்க." ஐந்தாவது தலைப்பில் விரலை வைத்தாள். "ஏழாம் வகுப்புன்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழதான் இந்தக் கறுப்பு. மத்த மூணும் சின்னச் சின்னதா இருக்கு. இது மட்டும் ஒண்ணரை வரி. தீர்மானம்னா அவ்ளோ நீளம் வரும்ல? இதுதான் நம்ம வாலு."

தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வருகிறவர் போகிறவரையெல்லாம் எழுத்துப் படிக்க வைத்தவள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கறுப்பைப் படிக்கப் பார்த்தாள். நகல் எடுத்த தாளில் மைக்கு அடியில் என்ன தெரியும்? ஆனாலும் ஏதோ ஒரு சுழி தெரிகிறது என்றாள். அவருக்குத் தெரியவில்லை. "ஆமாம்மா, தெரியுது" என்றார்.

மறுநாள் அந்தத் தாள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய், மகளின் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் அந்தப் பட்டையை இரண்டு விரலால் ஒருதரம் தடவுவாள். குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி. அந்த வாரம் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். தங்கைக்குப் போன் போட்டு, "அவ பேரு பள்ளிக்கூடப் புத்தகத்துல ஏறிடுச்சுடி" என்று சொன்னாள். குளித்துத் தலை வாரிக்கொண்டு, வேலைக்குத் திரும்புவது பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசினாள்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் ஆசை நிற்காது.

"ஏங்க, பெத்தவங்க நாமதானே? நம்ம புள்ள பேரை நம்மகிட்டயே எதுக்கு மறைக்கணும்? கறுப்பு இல்லாம ஒரு காப்பி கேளுங்களேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார். குழுவின் எழுத்தர் அறுபதைத் தாண்டிய அம்மாள். கோப்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு சின்ன மேசை அவருக்கு. காலடியில் காலணிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஆளைக் கண்டதும் அவசரமாக மாட்டிக்கொண்டார்.

"உட்காருங்க தம்பி. நீங்க வந்துட்டுப் போனது எனக்குப் போன வாரந்தான் தெரியும். சொல்லுங்க."

அவர் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டி, ஒன்றரை வரிக் கறுப்பைச் சுட்டினார்.

"இது எங்க பொண்ணு பேரும்மா. நாங்க பெத்தவங்கதான். கறுப்பு இல்லாம இந்த ஒரு இடத்தை மட்டும் காட்டினீங்கன்னா போதும். வீட்டுல ரொம்ப ஆசைப்படறா."

அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைத்தார்.

"தம்பி, இது அவ பேரு இல்லப்பா."

"ஏழாம் வகுப்புன்னு..."

"ஏழாம் வகுப்புதான்." எழுந்து அலமாரியைத் திறந்து தடித்த புத்தகத்தை எடுத்துவந்தார். பக்கத்தைப் புரட்டி, ஓர் இடத்தில் துண்டுத்தாளை வைத்து மறைத்துக்கொண்டு, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். "பேரை மட்டும் மறைச்சிருக்கணும். மேலாளர் பயந்துபோய் வரி முழுக்கப் பூசிட்டார். பேரைத் தவிர மத்ததைப் படிக்க உங்களுக்கு உரிமை இருக்கு. படிக்கணும்னா படிங்க. வேண்டாம்னா மூடிடறேன்."

அவர் படித்தார்.

'ஆ பிரிவில் ஓர் இடம் காலியாக உள்ளது. காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ள', அப்புறம் துண்டுத்தாள், அதைத் தாண்டி, 'என்ற மாணவிக்கு அதை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.'

வெளியே மணி அடித்தது. நடைவழி முழுக்கப் பிள்ளைகளின் கால்கள் தடதடவென்று ஓடின. அந்தச் சத்தம் அடங்கியதும் அவர் கேட்டார்.

"அப்போ, இரங்கல் தீர்மானம்?"

"கடைசி விஷயமா இருந்துச்சுப்பா. தலைமையாசிரியை துண்டுச் சீட்டுல எழுதித் தயாரா வெச்சிருந்தாங்க, நான் பார்த்தேன். முதல்லயே எடுக்கலாம்னு சொன்னாங்க. கூரை விஷயத்தை முடிச்சிட்டு நிதானமா எடுப்போம்னார் தலைவர். கூரைக்கே ஒண்ணேகால் மணி நேரம் போயிடுச்சு. அப்புறம் வண்டி நிறுத்தறதுல ரெண்டு பேருக்கு வாக்குவாதம். தலைமையாசிரியை அந்தச் சீட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துட்டார். நான் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கலாம். என் வேலை எழுதறதுதானேன்னு இருந்துட்டேன்." புத்தகத்தை மூடினார். "உங்க வீட்டுக்கு வரணும்னு தலைமையாசிரியை ரெண்டு தடவை கிளம்பினாங்க. எந்த முகத்தோட போறதுன்னு பாதி வழியில திரும்பிட்டாங்களாம்."

கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. கூரை ஒழுகினால் பேசத்தானே வேண்டும்? அந்தக் கூரைக்குக் கீழே இருப்பதும் பிள்ளைகள்தானே என்று ஒரு நினைப்பு. அவள் போய் இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் காலி இடமா என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"வர்ற வியாழக்கிழமை கூட்டம் இருக்கு. முதல் விஷயமா வைக்கிறேன். நானே முன்னால நிப்பேன்" என்றார் அந்த அம்மாள்.

"சரிங்கம்மா" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

வாசலிலேயே காத்திருந்தாள் மனைவி. "என்ன சொன்னாங்க?"

நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் எத்தனையோ முறை பொய் சொல்லியிருக்கிறார். ரெண்டே நிமிஷம், இதோ ஆச்சு என்று. அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

"அவ பேருதானாம். பார்த்தேன். ஆனா கறுப்பை எடுத்துக் குடுக்கக் கூடாதாம், சட்டமாம்."

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்காங்களா?"

"அச்சு மாதிரி இருக்கு."

அவள் உள்ளே போய்ப் பட்டையை ஒருதரம் தடவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வெகுநேரம் நின்றார்.

அதற்குப் பிறகு அந்தத் தாளைக் கடந்து போவதே அவருக்குத் தண்டனையாகிவிட்டது. அவள் விரல் அந்தப் பட்டையில் படும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். யாரோ பெற்ற, எங்கேயோ சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணின் பெயர். சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பார். அவள் இரண்டாவது தோசையை எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்ததும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார். இப்படியே ஒரு வாரம் ஓடியது.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, மேசையின்மேல் இரண்டு தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று, பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்த பழைய தாள். இன்னொன்று, கெட்டிக் காகிதத்தில் பள்ளியின் முத்திரையோடு தபாலில் வந்த கடிதம். மனைவி இரண்டுக்கும் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடிதம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. மகளின் முழுப்பெயர் பிழையில்லாமல், கறுப்பில்லாமல் இருந்தது. குழு எழுந்து நின்று மௌனம் காத்தது என்றும், அவளுடைய சிரிப்புச் சத்தம் இந்த நடைவழிகளில் இல்லாதது அனைவருக்கும் இழப்பு என்றும் இருந்தது. கீழே தலைமையாசிரியை தன் கையாலேயே, 'தாமதத்துக்கு என்னை மன்னியுங்கள்' என்று எழுதியிருந்தார்.

"தேதியைப் பாருங்க" என்றாள் மனைவி. "போன வியாழக்கிழமை போட்டிருக்கு. இப்பத்தான் தீர்மானம் போட்டாங்கன்னா, அப்போ இது என்ன?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். ஒளிக்க இனி இடமில்லை. கூரை, வண்டி, துண்டுச் சீட்டு, கடிகாரம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் அந்த ஒன்றரை வரியையும் சொன்னார். "ஓர் இடம் காலியாக உள்ளது. அப்படித்தாம்மா எழுதியிருக்கு."

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பாள், தாளைக் கிழித்து எறிவாள் என்றெல்லாம் அவர் எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"அப்போ இத்தனை நாளா நான் தடவிக்கிட்டிருந்தது அந்தப் புள்ள பேரையா?"

"ஆமா."

"அது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. அந்தம்மா தாளை வெச்சு மறைச்சுட்டாங்க."

மகள் போன நாளிலிருந்து சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தவள், இப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். அவர் எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வேலைச் சட்டை. அவளுக்கு அந்த வாடையே பிடிக்காது. அன்றைக்கு முகத்தை அதிலேயே புதைத்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்தாள். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். பழைய தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

"வாலு ஜன்னலோரம் மூணாவது வரிசையில உட்காருவா" என்றாள். "மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா முகத்துல அடிக்குதும்மா, கரும்பலகையே தெரியலன்னு ஒரே புலம்பல். ஒரு திரை போடச் சொல்லி நான் போய்க் கேட்கணும் கேட்கணும்னு இருந்தேன். கேட்கவே இல்ல."

அவர் நாற்காலியை அவள் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த எடத்துலதான் இந்தப் புள்ளைய உட்கார வெச்சிருப்பாங்களா?"

"இருக்கும்."

"அதுக்கும் வெயில் அடிக்கும்ல" என்றாள். "நாளைக்குப் போனீங்கன்னா, திரை ஒண்ணு போடச் சொல்லிட்டு வாங்க."